பத்தொன்பது நாள் காய்ந்த பூச்சிகள்

நவம்பர் 9

தங்கைக்கு,

பதினைந்து மாதம் எழுதாதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று நினைப்பாய். நலம் விசாரிக்க எழுதவில்லை. புகார் சொல்ல எழுதுகிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், புகார் அப்படியே நிற்கும்.

நீ நகரத்தில் பூச்சிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக விதைக்கடைக்காரர் சொன்னார். "உங்க தங்கச்சி புழுவுக்குச் சமைச்சுப் போடுறாங்களாமே?" என்று கடையில் நின்ற நாலு பேர் காதில் விழும்படி கேட்டுவிட்டுச் சிரித்தார். நான் விதை வாங்காமல் திரும்பிவிட்டேன். நாலு மைல் சைக்கிள் மிதித்துப் போனது வீண்.

விஷயம் இதுதான். உங்கள் பண்ணையிலிருந்து விமானத்தில் கொண்டுவந்து வயல் மேல் தூவுகிற அந்துப்பூச்சிகளில் இந்த மாதம் பாதி செத்தே விழுகின்றன. என் வாய்க்கால் கரையில் மட்டும் நூற்றுப் பத்துப் பூச்சிகள் பொறுக்கினேன். அறுபத்து நாலு செத்தவை. மலடாக்கிய ஆண் பூச்சி உயிரோடு வந்து இங்குள்ள காட்டுப் பெண்ணோடு சேர்ந்தால்தானே அவள் இடுகிற முட்டை பொரிக்காமல் போகும்? செத்தவனை அனுப்பி வைத்துவிட்டு, இனிப் பிள்ளை பிறக்காது பார் என்றால் அது எந்த ஊர் நியாயம்? ஒழிப்புத் திட்ட அலுவலகத்துக்கு மூன்று கார்டு போட்டேன். பதில் இல்லை. படித்தவர்கள், என்னைப் போன்றவன் எழுதினதைப் படிப்பார்களா?

இந்த வருஷமும் நாற்பத்திரண்டு பொறிகளையும் வாரம் ஒரு தடவை நானே பார்க்கிறேன். ஒட்டுத்தாளில் சிக்கிய பூச்சியை வெள்ளைத் தாளில் வைத்துக் கட்டைவிரல் நகத்தால் நசுக்குகிறேன். சிவந்தால் சாயத் தீனி தின்று வளர்ந்த உங்கள் பண்ணைப் பூச்சி. சிவக்காவிட்டால் காட்டுப் பூச்சி. மே மாதத்திலிருந்து இன்றுவரை சிவக்காதது ஒன்றுகூட இல்லை. அடுத்த வருஷமும் இப்படியே போனால் இந்தப் பக்கம் காய்ப்புழு ஒழிந்தது என்று அறிவித்துவிடுவார்கள். முப்பது வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அலைகிறேன். அதனால் செத்த பூச்சி அனுப்பாதீர்கள் என்று உன் மேலதிகாரியிடம் சொல்.

மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல்லாதே.

அண்ணன்

டிசம்பர் 1

அண்ணனுக்கு,

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பூச்சிதான் என்று தெரிந்ததும் சிரித்துவிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு.

உங்கள் புகாரைப் பெட்டி கட்டுகிறவரிடம் சொன்னேன். குளிர்ப்பெட்டி மூடியின் ரப்பர் தேய்ந்துபோயிருக்கிறதாம், மாற்றிவிட்டார்கள். "உங்க அண்ணன் நெஜமாவே எண்ணிப் பாத்தாரா?" என்று கேட்டார். "எண்ணலேன்னா அவருக்குத் தூக்கம் வராது" என்றேன்.

விதைக்கடைக்காரர் சொன்னது உண்மைதான். தீனி அறையில் எனக்கு வேலை. கோதுமை முளை மாவு, சோயா மாவு, சர்க்கரை எல்லாவற்றையும் பெரிய தொட்டியில் போட்டுக் காய்ச்சி, எண்ணெயில் கரைத்த சிவப்புச் சாயத்தை ஊற்றிக் கிண்ட வேண்டும். அறை முழுக்க நமத்துப்போன பிஸ்கட் வாசனை. சாயம் எதில் பட்டாலும் போகாது. என் துணியோடு சேர்த்துத் துவைத்ததில் என் வீட்டுக்காரருடைய பனியன்கள் எல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டன. அதைப் போட்டுக்கொண்டு, "இனிமே என்னைப் பொறியில புடிச்சாலும் பண்ணை ஆளுன்னு விட்டுடுவாங்க" என்றார். இங்கே வந்த பிறகு அவர் சொன்ன ஒரே வேடிக்கை அதுதான். அங்கே அவருக்குப் புழுவளர்த்தான் என்று பட்டம் கட்டினார்கள், இங்கே எனக்கு அதே வேலைக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். எங்கள் குடும்பத்துக்கு இதுதான் எழுதி வைத்திருக்கிறது போலிருக்கிறது.

எழுத வந்தது அதுவல்ல. போன மாதம் சோதனை மேசையில் ஆள் குறைவு என்று என்னை இரண்டு நாள் அங்கே உட்கார வைத்தார்கள். பொறிகளிலிருந்து வரும் பூச்சிகளை அங்கே ஒரு பெண் சோதிக்கிறாள். நகத்தால் நசுக்கவில்லை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுத் திரவம் விடுகிறாள். நகப்பூச்சை அழிக்கப் பெண்கள் வாங்குகிற அதே தண்ணீர்தான். எதற்கு என்று கேட்டேன். "காஞ்ச பூச்சில சாயம் உள்ளயே உறைஞ்சிடும்க்கா. நசுக்கினா தூளாத்தான் கொட்டும், சிவப்பே தெரியாது. பத்து நாளுக்கு மேல காஞ்சுதுன்னா சொட்டு விடாம சொல்லவே கூடாது" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்குக் கை ஓடவில்லை அண்ணா. போன வருஷம் ஆகஸ்டில் எங்கள் பொறியில் நீங்கள் எடுத்த மூன்று பூச்சிகளும் எத்தனை நாள் காய்ந்தவை? அந்த மாதம் நீங்கள் ஊரில் இல்லையே.

அந்த மூன்றும் சிவக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டீர்கள். பச்சைக் காயோடு நின்ற வயலை டிராக்டர் விட்டு உழுதார்கள். பறித்து முடிந்ததும் புழு தங்கும் காய்ந்த செடிகளை, பருத்திமாரை, ஒழுங்காகப் பிடுங்கி எரிக்காதவர் என்று அவர் பெயரைப் பட்டியலில் ஏற்றி, மூன்று வருஷம் பருத்தி போடக்கூடாது என்றார்கள். எங்கள் மண்ணின் உப்புக்குப் பருத்தியைத் தவிர எதுவும் நிற்காது என்று உங்களுக்குத் தெரியாதா? இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் தரிசாகக் கிடந்தால் வாய்க்கால் தண்ணீர் முறை வேறு ஆளுக்குப் போய்விடும். ஒரு வருஷம் போயிற்று. வரும் மே மாதம் விதைக்காவிட்டால் பிறகு பெயரை நீக்கினாலும் ஒன்றுதான், நீக்காவிட்டாலும் ஒன்றுதான்.

மார்ச் 2ஆம் தேதி பட்டியல் கூட்டம். சோதனை தவறு என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். அந்த மூன்று பூச்சிகளையும் நோட்டில் ஒட்டி வைத்திருப்பீர்கள். உங்களுக்குத்தான் எதையும் தூக்கி எறியத் தெரியாதே. ஆளுக்கொரு சொட்டு விட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

தங்கை

டிசம்பர் 12

தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை படித்திருக்கக் கூடாது.

நகச் சோதனை யாருடையது என்று மறந்துவிட்டாயா? பதினொரு வருஷத்துக்கு முன் திட்டத்தார் வந்தபோது பொறித்தாள்களை மூட்டை கட்டி நகரத்துக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்கு ஒரு மாதம் காத்திருந்தார்கள். அதற்குள் காட்டுப் பூச்சி நாலு வயல் தாண்டிவிடும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான்தான் வயல் வரப்பில் வைத்தே நசுக்கிக் காட்டினேன். பெரிய அதிகாரி என் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுவருஷம் கைப்புத்தகத்தில் பதினேழாம் பக்கத்தில் படத்தோடு போட்டார்கள். படத்தில் இருப்பது என் விரல். அந்தப் பக்கத்தில் எங்கே தேடினாலும் என் பெயர் இல்லை. பெயர்தான் இல்லை, விரலாவது இருக்கிறதே என்று இருந்தேன். இப்போது அந்த விரலும் தப்பு என்கிறாய்.

ஒரு வருஷம் மாவு கிண்டிவிட்டு எனக்குப் பாடம் நடத்துகிறாய். நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான்கள் அந்த மேசைக்காரிகள். அவர்கள் ஒரு காயையாவது வயலில் பிளந்து பார்த்திருப்பார்களா?

நாள் கேட்டாய். கேட்டதற்குப் பொய் சொல்ல மாட்டேன். பத்தொன்பது நாள். அலுவலகம் என்னைப் பயிற்சி என்று கூப்பிட்டு, நான் கண்டுபிடித்ததையே எனக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பிய மாதம் அது. திரும்பியதும் முதலில் பார்த்தது உங்கள் பொறியைத்தான்.

பத்தொன்பது என்றதும் துள்ளாதே. மாப்பிள்ளை நல்ல மனிதர். நல்ல மனிதர் வயலில் புழு வராது என்று எந்தப் புழுவும் எழுதிக் கொடுக்கவில்லை. சொட்டு விட மாட்டேன். உங்களுக்கு விட்டால் எல்லாருக்கும் விட வேண்டும். என் கையெழுத்தில் உழப்பட்ட வயல்கள் பதினொன்று. அந்தப் பதினொரு பேரும் என் முகத்தில் முழிப்பதில்லை. அதைத் தாங்கிக்கொண்டுதான் இங்கே புழு இல்லாமல் செய்திருக்கிறேன்.

அண்ணன்

ஜனவரி 6

அண்ணனுக்கு,

பத்தொன்பது என்று எழுதியதற்கு நன்றி. வேறு யாராக இருந்தாலும் ஏழு என்று எழுதியிருப்பார்கள்.

டயர் பஞ்சர் கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறோம். அவர் பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே உருளும் டயர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாலையில் மட்டும் இறங்கித் தெருமுனைவரை நடப்பார். இரண்டு வாரத்துக்கு முன் நம் ஊர் லாரிக்காரர் ஒருவர் டயர் மாற்ற வந்திருக்கிறார். இவரைப் பார்த்ததும் சந்தோஷத்தில், "அட, நம்ம புழுவளர்த்தான்! இங்கயா இருக்கே?" என்று முதுகில் தட்டியிருக்கிறார். பாசமாகத்தான். இவர் மேலே வந்து செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பதினான்கு நாளாக அந்தச் செருப்பை வெளியே எடுக்கவில்லை.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

அந்த வருஷம் பிப்ரவரியில் அவர் வயலில் ஒரு மார் விடாமல் பிடுங்கி எரித்தார். நீங்களும் வந்து பார்த்தீர்கள். ஆனால் எரிப்பதற்கு முன் நான் கொஞ்சம் இழுத்துவந்து, சமையலறைக்குப் பின்னால் தகரச் சரிவுக்குக் கீழே அடுக்கிவிட்டேன். அடுப்புக்கு. அந்த வருஷம் விறகுக்கு நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். காய்ந்த பருத்திமார் மாதிரிப் பற்றி எரிவது எது? அவர் பின்பக்கம் வருவதே இல்லை. ஏப்ரல் முடிய அதில்தான் சமைத்தேன். கடைசிக் கட்டுகளில் வெடிக்காத காய்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிளந்து பார்த்திருக்கலாம். பயமாக இருந்தது. அப்படியே அடுப்பில் தள்ளினேன்.

ஊர் நடுவில் அவரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "நான் எல்லாத்தையும் எரிச்சேன், என் பொண்டாட்டியைக் கேளுங்க" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எரித்தார் என்றேன். அது பொய்யும் இல்லை.

அவருக்காகக் கேட்கிறேன் என்று எழுதினேன். எனக்காகவும்தான். அந்தப் பூச்சிகள் என் அடுப்படியிலிருந்து பறந்தவையா இல்லையா என்று தெரியாமல் தினமும் புழுவுக்குத் தீனி கிண்டிக்கொண்டிருக்கிறேன். சொட்டு விடுங்கள் அண்ணா.

தங்கை

பிப்ரவரி 3

தங்கைக்கு,

அந்த மாரை நான் பார்த்தேன்.

மார்ச் மாதம் பதினெட்டாம் தேதி. உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீ தண்ணீர் எடுக்கப் போயிருந்தாய். கை கழுவப் பின்பக்கம் போனபோது தகரத்துக்குக் கீழே இருந்தது. இருபது கட்டு இருக்கும். காயோடு இருந்தது. வேறு வீடாக இருந்தால் நின்ற இடத்திலேயே கொளுத்தியிருப்பேன். தச்சர் வீட்டில் கொளுத்தியதில் அவருடைய மாட்டுக் கொட்டகையும் சேர்ந்து போனது, இன்றுவரை அவர் என்னைத் திட்டுகிறார். உங்கள் வீட்டில் கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வந்துவிட்டேன். விறகு இல்லாத வருஷம், தங்கை வீடு, நாலு நாளில் எரித்து முடித்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முப்பது வருஷத்தில் நான் விட்டுக்கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

அதனால்தான் ஆகஸ்டில் அந்த மூன்றைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எத்தனை நாள் காய்ந்தது என்று யோசிக்கவில்லை. எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குத் தெரியுமே என்று கையெழுத்துப் போட்டேன். வேறு யாருடைய பொறியாக இருந்தாலும் இன்னொரு வாரம் பார்ப்போம் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ.

உன் கடிதம் வந்த பிறகு கடைத்தெருவில் வளையல் விற்கும் கடைக்குப் போய் அந்தத் தண்ணீரைக் கேட்டேன். கடைக்காரப் பெண், "யாருக்குப் பெரியவரே?" என்றாள். எனக்கு என்றேன். "எந்தக் கலர் போட்டிருக்கீங்க?" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் விரலைக் காட்டினேன். பதினொரு வருஷம் பூச்சி நசுக்கி நகம் கறுத்துக் கிடக்கிறது. அவள் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

நாலு நாள் அது ஜன்னலில் இருந்தது. நேற்றுக் காலை நோட்டை எடுத்து உங்கள் பக்கத்தைத் திறந்தேன். முதல் பூச்சியின் மேல் ஒரு சொட்டு விட்டேன். மூச்சு விடுகிற நேரம்தான், தாளில் சிவப்பு வளையம் பரவியது. இரண்டாவதும் சிவந்தது.

மூன்றாவது சிவக்கவில்லை. இன்னொரு சொட்டு விட்டேன். பிறகு கால் பாட்டில் ஊற்றினேன். மஞ்சளாகக் கறை படிந்தது, அவ்வளவுதான். அது காட்டுப் பூச்சி.

விதி உனக்குத் தெரியும். ஒன்று போதும்.

அண்ணன்

பிப்ரவரி 12

அண்ணனுக்கு,

சோதனை மேசைப் பெண்ணிடம் வேறு யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன். சாயம் எல்லாப் புழுவுக்கும் ஒரே மாதிரி ஏறாது என்றாள். ஆயிரத்தில் ஒன்று சிவக்காமலே பூச்சியாகிவிடுமாம். "அதுக்குத்தான் ஒத்தப் பூச்சியை வெச்சு நாங்க எதையும் முடிவு பண்றதில்லைக்கா" என்றாள். இங்கே ஒற்றைப் பூச்சியை வைத்து முடிவு செய்வதில்லை அண்ணா. அங்கேதான் அந்த விதி.

நீங்கள் பொய் எழுத வேண்டாம். மூன்றில் இரண்டு சிவந்தன, மூன்றாவது சந்தேகம் என்று மட்டும் எழுதுங்கள். சந்தேகம் என்ற ஒரு வார்த்தை போதும், பெயரை எடுத்துவிடுவார்கள் என்று இங்கே எழுத்தர் சொல்கிறார். பின்பக்கம் அடுக்கியிருந்த பருத்திமாரைப் பற்றி எழுதாதீர்கள். அது நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதை அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். எப்போது என்று கேட்காதீர்கள்.

இரண்டு சிவந்தது என்று மட்டும் அவரிடம் சொன்னேன். நேற்று மாலை கட்டிலுக்கு அடியிலிருந்து செருப்பை எடுத்துத் தூசி தட்டினார். "மே மாசத்துக்கு இன்னும் எத்தனை வாரம்?" என்று கேட்டார். உப்புத் தாங்கும் விதை இப்போது எங்கே கிடைக்கும் என்று உங்களிடம் கேட்டு எழுதச் சொன்னார். "மச்சானுக்குத்தான் அது தெரியும்" என்றார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவர் வாயில் மச்சான் என்று வந்தது.

இதற்கு மேல் என்ன எழுதுவது? காலில் விழுகிறேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது.

தங்கை

மார்ச் 9

தங்கைக்கு,

எழுதிவிட்டேன். உனக்கு முன்னால் அலுவலகத்துக்கு எழுதினேன்.

ஆயிரத்தில் ஒன்று என்கிறாய். அந்த ஆயிரத்தில் ஒன்றைப் பிடிக்கத்தானே முப்பது வருஷம் ஓடினேன்? ஒன்றை விட்டால் மறுவருஷம் அது ஆயிரம். உன் பின்பக்கத்தில் காயோடு மார் இல்லாமல் இருந்திருந்தால் சந்தேகம் என்று எழுதியிருப்பேன். இருந்ததே. நான் கண்ணால் பார்த்ததே. பார்த்ததை மறைத்துவிட்டுப் பூச்சியை மட்டும் எழுதினால் அது என்ன அறிக்கை?

நான் எழுதியது இது. நகச் சோதனை பத்து நாளுக்கு மேல் காய்ந்த பூச்சிக்குப் பொருந்தாது. அதைச் செய்தவன் நான், தப்பு என்னுடையது. என் கையெழுத்தில் உழப்பட்ட பதினொரு வயல்களின் பூச்சிகளுக்கும் சொட்டு விட்டேன். மழையாலோ பயிற்சியாலோ நான் தாமதமாகப் பொறி பார்த்த ஏழு வயல்களில் எடுத்தவை அத்தனையும் சிவந்தன. அந்த ஏழும் வீணாக உழப்பட்டவை. நாலு வயல்கள் சரி. நாலில் ஒன்று என் தங்கை வீட்டு வயல். அங்கே வயலில் மார் நிற்கவில்லை, வீட்டுப் பின்பக்கம் விறகாக இருந்தது, நான் பார்த்தும் எழுதவில்லை. இனிப் பொறி பார்க்க எனக்குத் தகுதி இல்லை. வேறு ஆளைப் போடுங்கள்.

கூட்டத்துக்கு மறுநாள், மாப்பிள்ளையைத் தவிர மற்றப் பத்துப் பேரும் என் வாசலுக்கு வந்தார்கள். அந்த ஏழு பேர்தான் கத்துவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் வேலியோரம் ஒதுங்கி நின்றார்கள். மற்ற மூன்று பேர்தான் கத்தினார்கள். தச்சர் முன்னால் வந்து, "ஏழு தப்புன்னா எங்களோடது மட்டும் எப்படிய்யா சரி? உம்ம நகம் எங்களுக்கு மட்டும் சத்தியமா?" என்றார். சொட்டு விட்ட தாளைக் காட்டினேன். "நீரே ஊத்தினது, நீரே பாத்தது. உம்ம தங்கச்சி வீட்டு மாரைப் பாத்துட்டு ரெண்டு வருஷம் வாயை மூடிட்டிருந்தவர்தானே நீர்?" என்றார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். போகும்போது, "இந்த வருஷம் எவன் மாரைப் பிடுங்குறான்னு பாக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நீ கேட்டது ஒரு வார்த்தை. கொடுத்திருக்கலாம் என்று சொல்ல வருகிறது, ஆனால் சொல்ல மாட்டேன்.

அண்ணன்

ஏப்ரல் 19

அண்ணனுக்கு,

அலுவலகக் கடிதம் வந்தது. வேலை முடிந்து நான் வருவதற்குள் அவர் பிரித்துவிட்டார். பெயர் பட்டியலில் தொடரும், காரணம் மட்டும் திருத்தப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள். வயலில் அழிக்காத மார் என்பதை அடித்துவிட்டு, மனைவியால் வீட்டின் பின்புறம் சேமிக்கப்பட்ட மார் என்று போட்டிருந்தார்கள். நான் உள்ளே வந்தபோது அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் நின்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். "அந்த அடுப்புல பொங்கினதைத்தானே நானும் தின்னேன்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் கீழே இறங்கிப் பஞ்சர் கடையில் வேலை கேட்டார். கொடுத்துவிட்டார்கள். இப்போது தினமும் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார். விதையைப் பற்றியும் மே மாதத்தைப் பற்றியும் பேசுவதில்லை. போன வாரம் அதே லாரிக்காரர் வந்து, "என்னப்பா புழுவளர்த்தான்" என்று கூப்பிட்டது எனக்கு மேலே கேட்டது. "சொல்லுங்க, எந்த டயர்?" என்றார் இவர். தன் பெயரைக் கூப்பிட்டதுபோல.

முன்பு அந்தப் பெயருக்குச் சுருண்டு விழுவார். அது எனக்குச் சகிக்க முடிந்தது. இதைக் கேட்கத்தான் என்னால் முடியவில்லை அண்ணா. எனக்காக அந்தப் பெயரை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் எழுதியது சரிதான். ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. இனி எழுத வேண்டாம்.

தங்கை

அடுத்த வருஷம், மார்ச் 15

தங்கைக்கு,

எழுத வேண்டாம் என்றாய். அலுவலகம் பூட்டிக் கிடப்பதால் இந்த அறிக்கையை உனக்கு அனுப்புகிறேன். வேறு யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை.

போன மார்ச்சில் சொன்னபடியே யாரும் மார் பிடுங்கவில்லை. அலுவலகத்தார் ஜீப்பில் வந்தார்கள். "எந்த நகத்தை வெச்சு எங்க வயலை உழப்போறீங்க?" என்று கேட்டே ஊரார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஜூலையில் வெள்ளைப் பூக்கள் விரியாமல் சுருண்டு நின்றன. உள்ளே புழு. ஆகஸ்டில் விமானம் வருவது நின்றது. உங்கள் பண்ணையையும் மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நீ இப்போது என்ன வேலை செய்கிறாய் என்று தெரியவில்லை. பொறி இல்லை என்பதால் அக்டோபரில் நானே ஐந்து வயல்களில் நூறு காய்கள் பறித்துப் பிளந்தேன். அறுபத்தொன்றில் புழு. திட்டம் தொடங்கிய வருஷம் ஐம்பத்தெட்டு இருந்தது.

இன்று மார்ச் பதினைந்து. மார் அழிக்க வேண்டிய கடைசித் தேதி. என்னுடையதைப் போன வாரமே பிடுங்கி எரித்துவிட்டேன். என்னைச் சுற்றி ஒருவரும் எரிக்கவில்லை. வேலியோரம் நின்று பார்த்த தச்சர், "யாருக்காக இந்த வயசுல குனிஞ்சு நிமிர்றீரு?" என்றார். முன்பு போல் ஏளனமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அடுத்த செடிக்குக் குனிந்தேன்.

பிறகு உங்கள் வயலுக்குப் போனேன். தண்ணீர் முறை போன மே மாதமே கிழக்குப் பக்கத்துக்காரருக்குப் போய்விட்டது. தரையில் உப்புப் பூத்திருக்கிறது. டிராக்டர் உழுதபோது மண்ணில் புதைந்த காய்களிலிருந்து இரண்டு வருஷமாகத் தானாக முளைத்த பருத்தி அங்கங்கே நின்றது. எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு செடிகள். யாரும் விதைக்காமல், தண்ணீர் விடாமல், மழையை நம்பி முழங்கால் உயரம் வளர்ந்து, காய்த்தும் இருந்தன. சிலவற்றைப் பிளந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் புழு.

பிடுங்க மூன்று நாள் ஆயிற்று. உப்பு மண் இறுகிவிட்டதால் ஒவ்வொன்றையும் கடப்பாரையால் நெம்ப வேண்டியிருந்தது. வரப்பில் குவித்து எரித்தேன். எட்டுத் திக்கிலும் மார் நிற்கும்போது நடுவில் ஒரு வயலைச் சுத்தம் செய்வதில் பிரயோஜனம் இல்லை. அது எனக்குத் தெரியும். இந்த மாதிரி வேறு யாராவது செய்திருந்தால் முட்டாள் என்று நானே சொல்லியிருப்பேன்.

அறிக்கை: உங்கள் வயலில் இன்று ஒரு பருத்திச் செடியும் இல்லை. பார்த்தவன் நான் ஒருவன்தான். மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். அவருக்கு இதனால் ஆகப்போவது ஒன்றும் இல்லை.

அண்ணன்